கத்துங்க பிள்ளைகளா

1996 ஜூனில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்தேன். ஆர்டரில் அப்படித்தான் போட்டிருந்தது. வாட்ச்மேன் முதல் முதல்வர் வரை எல்லாருக்கும் நான் ‘பி.டி. மேடம்’. கூடைப்பந்து அணியைத் தயார் செய்வது அந்த வேலையில் ஒரு மூலைதான். வரிசையை ஒழுங்கு செய்வது, விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, மந்திரி வந்தால் கூட்டத்தைச் சமாளிப்பது என்று மற்றதெல்லாம் தனி. ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால், விடிகாலை ஐந்தரை மணிக்கு அந்த சிமெண்ட் கோர்ட்டில் விசிலோடு நின்றதுதான் முதலில் வருகிறது.

கூடைப்பந்து பாதி வாயால் ஆடுகிற ஆட்டம். எதிரணிக்காரி ஸ்கிரீன் போட, அதாவது நம் ஆளின் வழியில் குறுக்கே நிற்க வருகிறாள் என்றால், பந்து வைத்திருப்பவளை மறித்து நிற்கிற நம் பிள்ளைக்கு அது தெரியாது. முதுகில் கண்ணா இருக்கிறது? பின்னால் இருப்பவள்தான் “ஸ்கிரீன், ரைட்டு!” என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் மோதி விழ வேண்டியதுதான். எங்களிடம் வருகிற முதலாண்டுப் பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுகிற டிரிப்ளிங்கை இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள், ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் தாவிப் பந்தைப் போடுகிற லே-அப் ஒரு மாதம். கத்துவதற்கு மட்டும் ஒரு வருஷம் ஆகும். “பொம்பளப் பிள்ளைக்கு என்ன அவ்வளவு சத்தம்” என்று கேட்டு வளர்ந்தவர்கள். பந்து கேட்கும்போதுகூட ஏதோ கடன் கேட்பது போலக் கேட்பார்கள். கோர்ட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 28 மீட்டர். இரண்டு பக்கமும் நிற்க வைத்து, அவரவர் பெயரை எதிர்ப்பக்கம் கேட்கிற மாதிரி கத்தச் சொல்வேன். முதல் வாரம் சிரிப்பு, இரண்டாவது வாரம் ஹாஸ்டல் வார்டனின் புகார், மூன்றாவது வாரம்தான் கொஞ்சமாவது குரல் வரும்.

சரி, பந்து கதையையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான பந்து ஆறாம் நம்பர். ஆண்களின் ஏழாம் நம்பரைவிடச் சுற்றளவில் ஓர் அங்குலம் சிறியது, எடையும் கம்மி. நான் எழுதிக் கொடுத்தது ஆறு, வந்து இறங்கியது ஏழு. “பந்து பந்துதானே மேடம்” என்றார் ஆபீஸில். அந்த வருஷம் முழுக்க எங்கள் ஷாட் எல்லாம் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. பிள்ளைகளுக்குக் கையில் பலமில்லை என்று மேலே பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கத்தச் சொல்லிக் கொடுத்தவளின் லட்சணம் அது.

வீடுகளில் அனுமதி வாங்குவது இன்னொரு மேட்ச். வெயிலில் கறுத்துவிடுவாள், டவுசர் போடக் கூடாது, ராத்திரி ரயிலில் எப்படி அனுப்புவது. அம்மாக்களிடம் விளையாட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று சீக்கிரமே புரிந்தது. ரயில்வே வேலை என்றால் காது நிமிரும். சென்னைப் பெண் அனிதா பால்துரை அதற்குப் பெரிய உதவி. 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன், தெற்கு ரயில்வேயில் வேலை, 2001 முதல் 2017 வரை ஆசிய சாம்பியன்ஷிப்களில் ஆட்டம். கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடினார் என்று அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அவர்கள் கேட்காமல் கேட்கிற கேள்வி அதுதான். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்த பேப்பரை வெட்டி ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டினேன்.

அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாட் சம்மிட் 1974-இல் 22 வயதில் வேலையைத் தொடங்கியபோது மாதம் 250 டாலர் வாங்கிக்கொண்டு, தானே வேன் ஓட்டி, அணியின் உடைகளையும் தானே துவைத்தார். பிறகு எட்டு தேசியப் பட்டம், 1098 வெற்றி. துவைத்த வரைக்கும் எனக்கும் அவருக்கும் வித்தியாசம் கிடையாது.

விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. 2000-இல் இரண்டு இருபது நிமிடப் பாதிகள் போய் நான்கு பத்து நிமிடக் கால்பகுதிகள் வந்தன. 30 வினாடிக்குள் ஷாட் போட வேண்டும் என்பது 24 ஆனது. 2010-இல் மூன்று பாயிண்ட் கோடு, அதாவது அதற்கு வெளியே இருந்து போட்டால் மூன்று பாயிண்ட் கிடைக்கிற வளைவுக் கோடு, 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குப் போனது. பெயிண்டுக்கு எழுதிக் கொடுத்து அலுத்து, நானே ஒரு டப்பா வாங்கி, கயிறு கட்டி வளைவு போட்டேன்.

இனி எழுதத் தயங்குகிற விஷயம். ஒரு சவுத் ஜோன் போட்டியில் கூடைக்குப் பக்கத்தில் ஆடுகிற எங்கள் சென்டர் பிள்ளை, மூன்றாம் ஆண்டு, மூன்றாவது கால்பகுதியில் ரீபவுண்டுக்கு, ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்கத் தாவி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்கியது. “வலிக்குதா?” என்றேன். “ஒண்ணும் இல்ல மேம்.” அந்த ‘ஒண்ணும் இல்ல’ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், என் அம்மா சொல்லியே கேட்டிருக்கிறேன். ஆனால் ஆறு பாயிண்ட் பின்னால் இருந்தோம். ஸ்ப்ரே அடித்து அனுப்பினேன். நாலு நிமிடத்தில் விழுந்தாள். முழங்கால் எலும்புகளைப் பிணைத்து நிறுத்துகிற ஏ.சி.எல். லிகமென்ட் அறுந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம். தாவி இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல் பழக்கினால் கணிசமாகக் குறைக்கலாம். இதையெல்லாம் அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஆபரேஷன் நடந்தது. அவள் மறுபடி ஆடவில்லை. இப்போது பேங்கில் இருக்கிறாள், பொங்கலுக்கு போன் பண்ணுகிறாள், அந்த மேட்ச்சை மட்டும் இரண்டு பேரும் எடுப்பதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கத்துகிற பயிற்சியில் ஒன்று சேர்த்தேன். ஓடிக்கொண்டே இருக்கும்போது யாரையாவது கை காட்டுவேன். அவள் நின்று, “மேம், வலிக்குது, என்னை எடுங்க!” என்று கத்த வேண்டும். பந்து கேட்டு “பால்” என்று கத்தப் பழகியவர்களுக்கே இது வாயில் வரவில்லை. சும்மா சொல்லிப் பார்க்கக்கூட வெட்கப்பட்டார்கள்.

நாலு வருஷம் கழித்து, ஒரு அரையிறுதியில் கடைசிக் கால்பகுதி. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற எங்கள் பாயிண்ட் கார்டு, முதலாண்டுப் பிள்ளை, பந்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். கேலரி வரைக்கும் கேட்டது: “மேம், கால் சரியில்ல, என்னை எடுங்க!” எடுத்தேன். நாலு பாயிண்டில் தோற்றோம்.

மறுநாள் ஆபீஸில் கூப்பிட்டு, நல்லா ஆடிக்கொண்டிருந்த பிள்ளையை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். “அவள் கேட்டாள், எடுத்தேன்” என்றேன். என் குரல் கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்க வேண்டும். வெளியே பெஞ்சில் இருந்த பியூன் எட்டிப் பார்த்தார்.