நோவாவுக்கு இன்டேக் மாத்தினேன், லிமிட்டர 5800லயே நிறுத்திட்டேன்

வண்டி 1972 செவி நோவா, 350 கியூபிக் இன்ச் ஸ்மால் பிளாக் (செவியோட சின்ன வி8 இஞ்சின்), டிஎச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில்ல 3.08 கியர். நான் இருக்கறது மிச்சிகன்ல, குளிர்காலம் முழுக்க ரோட்ல உப்பக் கொட்டி வச்சிருப்பாங்க, அதனால வண்டி கராஜ விட்டு வெளிய வராது, கை வைக்கிற வேலையெல்லாம் அப்பதான். இந்தத் தடவ இன்டேக் மேனிஃபோல்ட், அதாவது காத்தையும் பெட்ரோலையும் எட்டு சிலிண்டருக்கும் பிரிச்சுக் குடுக்கற பாகம். கம்பெனி இரும்பு மேனிஃபோல்டு, மேல குவாட்ராஜெட் கார்ப் (கார்புரேட்டர்), 4500 ஆர்பிஎம் (இஞ்சின் நிமிஷத்துக்கு சுத்தற சுத்து) தாண்டினா சத்தம் மட்டும்தான் ஏறும், வண்டி ஏறாது. முந்தின ஓனர் காம்ப் கேம்ஸ் கம்பெனியோட எக்ஸ்இ262எச் கேம் (வால்வ எப்ப, எவ்வளவு திறக்கணும்னு முடிவு பண்ற தண்டு) போட்டிருக்கார், நல்ல மனுஷன், அதோட கார்ட கிளவ் பாக்ஸ்ல பத்திரமா வச்சிருந்தார். 0.050 இன்ச் லிஃப்ட்ல இன்டேக் 218, எக்ஸாஸ்ட் 224 டிகிரி, நல்லா வேலை செய்யற ரேஞ்ச் 1300லேர்ந்து 5600 ஆர்பிஎம் வரைக்கும். பாதி முடிவ எனக்காக அந்தக் கார்டே எடுத்துடுச்சு.

ஏன்னா மேனிஃபோல்ட் செய்யற எட்டெல்ப்ராக் கம்பெனியோட கேட்டலாக்க பிரிச்சா ஆசை கண்ணக் கட்டிடும். பெர்ஃபார்மர்னா ஐடில்லேர்ந்து (மிதிக்காம சும்மா ஓடறப்ப) 5500, பெர்ஃபார்மர் ஆர்பிஎம்னா 1500லேர்ந்து 6500, விக்டர் ஜூனியர்னா 3500க்கு மேலதான் ஆரம்பமே. முதல் ரெண்டும் டுவல் பிளேன், உள்ள ரெண்டு மாடி; விக்டர் ஜூனியர் சிங்கிள் பிளேன், ஒரே அறை. கார் ஓட்டற நண்பர்கள் எல்லாரும் ஒரே குரல்ல விக்டர் ஜூனியர் போடுன்னாங்க, பார்க்கவும் சும்மா சொல்லக்கூடாது, செம கெத்தா இருக்கும். நான் கணக்குப் போட்டேன். 26 இன்ச் டயர், 3.08 கியர், 60 மைல் ஸ்பீட்ல இஞ்சின் சுத்தறது 2400 பக்கம். அதாவது ஹைவேல போற நேரம் பூரா அந்த மேனிஃபோல்ட் தூங்கிட்டுதான் இருக்கும். ஆகஸ்ட்ல வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் நடக்கும், அங்க ஆயிரக்கணக்குல வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும், ஃபெர்ண்டேல் பக்கம் மாட்டினா ஐடிலத் தாண்டவே விடமாட்டாங்க, அதுல சிங்கிள் பிளேன வச்சிக்கிட்டு இருமிக்கிட்டே போகணுமா?

டுவல் பிளேன் ஏன் கீழ நல்லா இழுக்குதுன்னா, ஸ்மால் பிளாக்கோட ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. மேனிஃபோல்டுக்குள்ள ரெண்டு மாடி இருக்கு, ஒரு மாடி 1, 4, 6, 7க்கு, இன்னொண்ணு 8, 3, 5, 2க்கு. ஆர்டர்ல ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்துப் பாருங்க, சரியா வரும். கிராங்க் 90 டிகிரிக்கு ஒரு சிலிண்டர் இழுக்குது, ஆனா ஒரு மாடிக்குன்னு பார்த்தா 180 டிகிரிக்கு ஒரு தடவதான், அதனால ஒரு சிலிண்டர் இழுக்கறதுல பக்கத்து சிலிண்டர் கைய வைக்காது, நீளமான ரன்னர்ல (சிலிண்டருக்குப் போற குழாய்) காத்து நல்ல வேகத்தோட போகும், பெட்ரோல் சுவர்ல ஒட்டாம கலந்து வரும். சிங்கிள் பிளேன்ல எட்டும் ஒரே குடத்துல வாய் வச்ச மாதிரி, ரன்னர் குட்டை, மேல ரெவ் ஏறினா ராஜா, கீழ ஒண்ணும் இல்ல.

ஆக விக்டர் அவுட். மிச்சம் சாதா பெர்ஃபார்மரா, பெர்ஃபார்மர் ஆர்பிஎம்மா. உள்ளதச் சொன்னா என் கேமுக்கும் கியருக்கும் சாதா பெர்ஃபார்மரே போதும், வேற யாராவது கேட்டா அதையேதான் சொல்வேன். நான் ஆர்பிஎம் எடுத்ததுக்குக் காரணம் அடுத்து சிலிண்டர் ஹெட் மாத்தற ஐடியா இருக்கு, அப்ப மறுபடி கழட்ட வேணாம். ஏர் கேப் மாடல வேணாம்னு விட்டேன், அதுல எக்ஸாஸ்ட் ஹீட் கிராஸோவர் (புகையோட சூட்டால மேனிஃபோல்ட சூடாக்கற வழி) கிடையாது, இஞ்சின் சூடான பிறகு பவர் குடுக்கும்தான், ஆனா இங்க ஏப்ரல் காலைல ஸ்டார்ட் பண்ணி வெளிய எடுக்கறதுக்குள்ள அழவிட்டுடும். கார்புக்கும் அதே கணக்குதான், 350 கியூபிக் இன்ச்ச என் லிமிட் 5800ஆல பெருக்கி 3456ஆல வகுத்தா 587 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து), இஞ்சின் அவ்வளவையும் நிரப்பாது, 85 சதவீதம்னு வச்சா 500 பக்கம். எலக்ட்ரிக் சோக் வச்ச 600 சிஎஃப்எம் கார்ப் போதும்னு அதையே போட்டேன், 750 எதுக்கு?

மாட்டறதுல பெருசா கதை இல்ல. கூலன்ட் வடிச்சு, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் எங்க பார்க்குதுன்னு ஃபயர்வால்ல மார்க்கர்ல கோடு போட்டு, இஞ்சின் நடுவுல ரெண்டு ஹெட்டுக்கும் இடைல இருக்கற பள்ளத்துல துணிய அடச்சுட்டு பழைய கேஸ்கட்ட சுரண்டி எடுத்தேன். கேஸ்கட் செட்டோட வர்ற கார்க் எண்ட் சீல தூக்கிப் போட்ருங்க, அது நழுவி வெளிய வந்துரும், முன்னாடியும் பின்னாடியும் ஆர்டிவி (சிலிகான் சீலன்ட்) தடிமனா ஒரு கோடு விட்டு, லேசா இறுகினப்புறம் மேனிஃபோல்ட நேரா மேலேர்ந்து இறக்கணும், இழுத்து நகத்தக் கூடாது. போல்ட்ட நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, சுத்து சுத்தா, கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும். பழைய இரும்பக் கழட்டித் தூக்கும்போது முதுகு சொல்லும், புதுசு அலுமினியம், பாதி வெயிட் கூட இல்ல. ஆனா இது உயரம் ஜாஸ்தி, அதனால ஏர் கிளீனர் மூடி மேல நாலு உருண்டை களிமண் வச்சு ஹூட மெதுவா மூடித் திறந்து பார்த்தேன், பின்பக்க உருண்டை அப்பளமா நசுங்கி இருந்துச்சு. அடிப்பாகம் தாழ்ந்த டிராப் பேஸ் ஏர் கிளீனர் வாங்கினதும் சரியாச்சு.

இப்ப ரெவ் லிமிட், அதாவது இஞ்சின எவ்வளவு ஆர்பிஎம் வரைக்கும் சுத்த விடலாங்கறது. இதப் பத்திதான் ஜாஸ்தி சண்டை. "பாக்ஸ்ல 6500 போட்டிருக்கே, அதுவரைக்கும் மிதிக்கலாமே"ன்னு சொல்றாங்க. அது மேனிஃபோல்டுக்குப் போட்ட நம்பர் சாமி, உள்ள பிஸ்டன கிராங்கோட சேர்க்கற ராடுக்கும் வால்வ் ஸ்பிரிங்குக்கும் அது தெரியாது. இன்னொரு நண்பர் 1969 கமாரோ இசட்/28ல இருந்த 302 இஞ்சின் ஏழாயிரம் சுத்துமேன்னார். சுத்தும். போர் (சிலிண்டர் விட்டம்) ரெண்டுக்கும் ஒண்ணுதான், 4 இன்ச், ஆனா ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 302ல 3 இன்ச், 350ல 3.48. 302 7000ல சுத்தும்போது பிஸ்டனோட சராசரி வேகம் செகண்டுக்கு 17.8 மீட்டர், என் 350 அந்த வேகத்த 6000லயே தொட்டுடும். அதோட அதுல ஃபோர்ஜ்ட் கிராங்க், சாலிட் லிஃப்டர் (கேமோட அசைவ வால்வுக்குக் கொண்டு போற பாகம்), ரேஸுக்குன்னே செஞ்ச இஞ்சின். என்னது காஸ்ட் கிராங்க், ஹைட்ராலிக் லிஃப்டர், ராட் போல்ட்டுக்கு வயசு ஐம்பதுக்கு மேல.

ராட் போல்ட் அறுந்து போறது பவர்னாலன்னு நெறைய பேர் நினைக்கறாங்க. ஜாஸ்தி இழுவிசை வர்றது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிஞ்சு பிஸ்டன் உச்சிக்குப் போய் திரும்பற இடத்துல, அங்க மேலேர்ந்து அமுக்க எரியற கேஸ் எதுவும் இல்ல, மொத்த பிஸ்டனையும் போல்ட்தான் பிடிச்சு கீழ இழுக்கணும். அது இஞ்சின் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 5800லேர்ந்து 6500 போனா நம்பர் 12 சதவீதம்தான் கூடுது, இழுவிசை 25 சதவீதம் கூடிடும்.

அதுக்கு முன்னாடியே வால்வ் ஸ்பிரிங் கைய விரிச்சுடும். ஸ்பிரிங்கால லிஃப்டர கேம் மேல பிடிச்சு வைக்க முடியலன்னா நடுவுல இடைவெளி வரும், ஹைட்ராலிக் லிஃப்டர் உடனே எண்ணெய நிரப்பி அந்த இடைவெளிய அடைச்சுடும், அப்பறம் வால்வ் முழுசா மூடாது, மிஸ் ஆகும், பவர் போயிடும். என் ஸ்பிரிங்க கழட்டி டெஸ்டர்ல வச்சா சீட்ல, அதாவது வால்வ் மூடின நிலைல, 75 பவுண்டு சொச்சம்தான் காட்டுச்சு, இந்த கேமுக்கு நூறுக்கு மேல வேணும். ஹெட்ட இறக்காமயே மாத்தலாம், ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா நைலான் கயித்த உள்ள திணிச்சு, கிராங்க கையால திருப்பினா பிஸ்டன் கயித்த மேல அமுக்கி வால்வ தாங்கிப் பிடிச்சுக்கும், கீப்பர (ஸ்பிரிங்க வால்வோட பூட்டற சின்னத் துண்டு) எடுத்தாலும் வால்வ் கீழ விழாது. கயித்தோட ஒரு முனை கண்டிப்பா வெளிய இருக்கணும். பதினாறும் முடிக்கறதுக்குள்ள விரல் நுனி மரத்துப் போச்சு.

லிமிட்டர், அதாவது வச்ச ஆர்பிஎம்முக்கு மேல இஞ்சின விடாத இக்னிஷன் பாக்ஸ், எம்எஸ்டி டிஜிட்டல் 6ஏஎல், பக்கத்துல ரெண்டு குட்டி டயல், ஒண்ணு ஆயிரம், ஒண்ணு நூறு, ஸ்க்ரூ டிரைவரால 5-8ன்னு திருப்பி வச்சாச்சு. கேம் 5600ல முடியுது, அதுக்கு மேல 200 போதும். அதுக்கு முன்னாடி டாக்கோமீட்டர நம்பலாமான்னு டிஜிட்டல் டைமிங் லைட்ட வச்சுப் பார்த்துடுங்க, என்னோடது 3000க்கு 3200 காட்டுச்சு, பழைய டாக்கோ இதெல்லாம் சகஜம். லிமிட்டர் ஸ்பார்க்க வெட்டும், எரியாத பெட்ரோல் சைலன்சர்ல போய் பட்டுபட்டுன்னு வெடிக்கும், அதனால அதுல முட்டிக்கிட்டே நிக்கக் கூடாது. மேனுவல் கியர் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, நாலுக்கு பதிலா ரெண்டுல தள்ளிட்டீங்கன்னா இந்தப் பாக்ஸ் ஒண்ணும் செய்யாது, அங்க இஞ்சின சுத்தறது சக்கரம்.

ரிசல்ட் என்னன்னா, 2500க்குக் கீழ பழசுக்கும் புதுசுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல, எதுவும் போகலங்கறதே சந்தோஷம். 3500லேர்ந்து நல்லா இழுக்குது, முன்னாடி 4500ல மூச்சு வாங்கினது இப்ப 5500 வரைக்கும் போகுது. டிரைவ்ல விட்டா கியர்பாக்ஸ் கவர்னர் 4700 பக்கமே மாத்திடுது, அதனால மிதிக்கணும்னா கையாலதான் 1லேர்ந்து 2க்கு, 5500ல மாத்தறேன், முதல் கியர்லயே 55 மைல் வந்துடுது. ஹெட் வாங்கற காசுல முதல்ல 3.55 கியர் போட்டா என்னன்னு இப்ப யோசனை ஓடுது. எப்படியும் ராட் போல்ட் மாத்தற வரைக்கும் டயல் 5800தான்.