பட்டப்படிப்பின் பார்ட் ஃபோருக்கு யார் பொறுப்பு?

1978-இலேயே தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் மதுரையில் உண்டு: அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக். பாடத்திட்டத்தை ஆசிரியர்களே வகுத்துக்கொள்ளலாம் என்பதுதான் தன்னாட்சியின் சாரமே. முதன்மைப் பாடத்தில் அது நடக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டக் குழு, அதில் துறை ஆசிரியர்கள், வெளியிலிருந்து வல்லுநர்கள், ஒரு முன்னாள் மாணவர். ஒரு அலகை மாற்றுவதற்குள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

முதன்மைப் பாடத்துக்கு வெளியே, சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, பிற துறை விருப்பப்பாடம் எல்லாம் அடங்கிய நான்காம் பகுதி, பார்ட் ஃபோர்? நான் வேலை பார்க்கும் இடத்தில் அது யாருக்கும் சொந்தமில்லை. வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு நிரம்பாத ஆசிரியர் தலையில் கட்டிவிடுவார்கள். சுற்றுச்சூழல் பாடத்தை ஒரு வருடம் வணிகவியல்காரர் எடுப்பார், மறு வருடம் கணிதம். புத்தகத்தில் அமேசான் காடு இருக்கிறது. வண்டியூர்க் கண்மாயும் வைகைக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் இல்லை. விருப்பப்பாடத்தை மாணவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? "எந்த டிபார்ட்மென்ட்ல மார்க் அள்ளிப் போடுவாங்க சார்?" அவ்வளவுதான்.

எல்லாத் துறையிலிருந்தும் ஆசிரியர்களைச் சேர்த்து இதற்கென ஒரு நிலைக்குழு வேண்டும். பெயருக்கு அல்ல, உதவாத பாடத்தைத் தூக்கும் அதிகாரத்தோடு. கூட்டத்தில் சொன்னேன். "நல்ல யோசனை சார், நீங்களே கன்வீனரா இருந்துருங்க" என்றார்கள். அதிகாரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் கல்லூரியில் இதை யார் பார்க்கிறார்கள், சொல்லுங்களேன்.