இனிஷியல்

ஜூன் 3
மறுபடியும் அதே பெண் குரல். "சார், மூணு மாச இ.எம்.ஐ. பெண்டிங்." நான் வண்டியே வாங்கவில்லை என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க."

ஜூன் 4
ஒரு நோட்டு போட்டுவிட்டேன். நேரம், நம்பர், பேசியவர், பேச்சு. அழைப்பு 11.

ஜூன் 9
கடன் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். என் வீட்டுக் கடன், என் கார்டு, நடுவில் எவனோ ஒருவனின் பைக் கடன். ஒரே பெயர், ஒரே இனிஷியல், பிறந்த தேதி கூட ஒன்று. அந்தக் கடனில் பான் எண் கட்டம் காலி. பெயரையும் தேதியையும் வைத்தே இருவரையும் ஒரே ஆளாகக் கோர்த்திருக்கிறார்கள். இனிஷியலை விரித்தால் அவன் அப்பா வேறு, என் அப்பா வேறு. விரித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஜூன் 10
புகார் போட்டாயிற்று. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் அறிக்கை நிறுவனம் தானாக எதையும் மாற்றாதாம். 30 நாள் கெடு. தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. பணம் யாருக்கு வேண்டும்?

ஜூன் 11
தூக்கமில்லை.

ஜூன் 17
இப்போது சம்மன். செக் திரும்பிய கேஸ், பிரிவு 138. அவன் கொடுத்த செக், வந்தது என் வாசலுக்கு. வக்கீல் சொன்னார்: "நம்மளுது இல்லைன்னு தூக்கிப் போட்டுறாதீங்க. போகலைன்னா அடுத்தது வாரண்ட்."

ஜூன் 24
செக்கின் நகல் கிடைத்தது. அவன் தமிழில் கையெழுத்துப் போடுகிறான். கடைசி எழுத்தின் புள்ளி ஒரு சின்ன வட்டம், பேனாவை அழுத்தித் திருகிய மாதிரி. நான் முப்பது வருடமாக ஆங்கிலத்தில் கிறுக்குகிறேன். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஜூலை 1
கோர்ட். பெயரைக் கூப்பிட்டார்கள். பாதி எழுந்த பிறகுதான், எழுந்திருக்கலாமா என்று சந்தேகம் வந்தது. ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ், வங்கியிலிருந்து என் மாதிரிக் கையெழுத்து, எல்லாம் கொடுத்தோம். "இவர்தானா?" என்று நீதிபதி கேட்டார். வழக்குப் போட்டவர்கள் அனுப்பிய ஆள் அவனைப் பார்த்ததே இல்லையாம்! வாய்தா.

ஜூலை 10
30ஆம் நாள். பதில் வந்தது: "சரிபார்க்கப்பட்டது. மாற்றமில்லை."

ஜூலை 12
அழைப்பு 27. கத்திவிட்டேன். அந்தப் பெண் பாவம்.

ஜூலை 22
ஆள் மாறிவிட்டது என்று வழக்குப் போட்டவர்களே எழுதிக் கொடுத்தார்கள். என்னை விடுவித்து உத்தரவு. வக்கீல் சான்றிட்ட நகல் நான்கு வாங்கித் தந்தார். ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும் என்றார். எப்போதும் என்றால்? கேட்கவில்லை.

ஜூலை 23
அந்த நகலை வைத்து மறுபடி புகார்.

ஆகஸ்ட் 14
அறிக்கையிலிருந்து பைக் போய்விட்டது! அப்புறம் கீழே இறங்கிப் பார்த்தால், என் முகவரிகளில் நான்காவதாக இன்னும் அவன் வீடு.

ஆகஸ்ட் 15
அழைப்பு நோட்டின் ஓரமெல்லாம் புள்ளிகள், அழுத்தித் திருகியவை. எப்போது போட்டேன்?

ஆகஸ்ட் 19
அழைப்பு 31. புது நம்பர்.