தோற்கும்போது மட்டும் ஹேங் ஆகும் பெட்டி

எங்கள் டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று டபுள் சைடு டேப்பில் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது. 85க்கு 56 மில்லிமீட்டர் பலகை, அவ்வளவுதான். 2016இல் வந்த மாடல். 1.2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், 1 ஜிபி ராம். இன்றைக்கு இதை வைத்துக்கொண்டு பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே மூச்சு வாங்கும். ஆனால் பழைய வீடியோ கேம்களை ஓட்டும் ரெட்ரோபை என்ற மென்பொருளை ஏற்றி, யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் இரண்டைச் செருகிவிட்டால், தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடையில் காசு கொடுத்துக் காத்திருந்து ஆடியதையெல்லாம் நோகாமல் ஓட்டும்.

கோடை லீவுக்கு அக்கா மகன் உடுமலைக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கும் என் மகளுக்கும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'தான் காலை டிபனும் மதியச் சாப்பாடும். 1991இல் வந்த கேம். இரண்டு பேர் வயதையும் கூட்டினால்கூட அதன் வயது வராது. மகளுக்கு சுன்-லீ. அவனுக்கு பிளாங்கா. பச்சை உடம்போடு உறுமிக்கொண்டு, கிட்டே வருபவர்களுக்கெல்லாம் ஷாக் கொடுப்பானே, அந்த ஆசாமி. பின்னால் நடந்ததைப் பார்த்தால், பையன் ஆளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

வந்த கொஞ்ச நாளிலேயே பெட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. சண்டை சூடு பிடிக்கும். பாட்டு இழுவையாக இழுக்கும். படம் அப்படியே நிற்கும். கடைசியாக வந்த துளிச் சத்தத்தையே ஸ்பீக்கர் "டிர்ர்ர்ர்" என்று மென்றுகொண்டிருக்கும். ஜாய்ஸ்டிக்கைத் திருகினாலும் கீபோர்டைத் தட்டினாலும் அசையாது. சில நேரம் அதுவாகவே அணைந்து, திரையில் வானவில் கலரில் சதுரம் காட்டி, ஒன்றுமே நடக்காத பாவனையில் மெனுவுக்கு வந்து நிற்கும்.

"மறுபடியும் ஹேங் ஆயிருச்சுங் மாமா" என்பான் மருமகன், ரொம்பத் துக்கத்தோடு.

வீட்டில் ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார்கள். என் மனைவிக்குச் சூட்டின் மேல் சந்தேகம். அக்னி நட்சத்திர நேரம், டிவிக்குப் பின்னால் காற்றே கிடையாது, நியாயமான சந்தேகம்தான். லேப்டாப்பிலிருந்து உள்ளே நுழைந்து வெப்பநிலையைக் கேட்டேன். 62 டிகிரி என்றது. இந்தச் சிப்புக்கு 62 எல்லாம் ஊட்டி. 80ஐத் தாண்டினால்தான் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். இருந்தாலும் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். 50க்கு இறங்கியது. ஹேங் ஆவது மட்டும் இறங்கவில்லை. "மெசினுக்குக் காத்து, மனுசனுக்கு வேர்வையா?" என்று அம்மா ஃபேனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மச்சான் போனிலேயே தீர்ப்புச் சொன்னார்: "கார்டு டூப்ளிகேட் மாப்ள." இந்தப் பெட்டிக்கு ஹார்ட் டிஸ்க்கே மெமரி கார்டுதான். அதில் அந்தத் திருட்டு உண்மையிலேயே உண்டு. உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்துவிட்டு, 64 என்று பொய் சொல்லும்படி செய்து விற்பார்கள். நிரம்பும்வரை தெரியாது, நிரம்பிய பிறகு பழைய ஃபைல்களின் மேலேயே எழுதித் தள்ளும். இதைக் கண்டுபிடிக்க எஃப்3 என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது. கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதையெல்லாம் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கார்டு யோக்கியம். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி ஃபைல் ஏதாவது கெட்டிருக்குமோ என்று அதையும் பார்த்தேன். இல்லை. கேமை மாற்றிப் பார்த்தோம், வேறு கேமும் நின்றது.

மருமகனிடமும் யோசனை இருந்தது. "பை 5 வாங்கிடலாங் மாமா." எந்தக் கோளாறுக்கும் இந்தத் தலைமுறை வைத்திருக்கும் ஒரே ஸ்பேனர் அதுதான்.

இதற்கு நடுவில் மகள் வந்து, "அப்பா, நான் ஜெயிக்கிறப்பதான் நிக்குது" என்றாள். "பாதி நேரம் நீதானே ஜெயிக்கிற, அதனால அப்படித் தெரியுது கண்ணு" என்று புள்ளியியல் வகுப்பு எடுத்து அனுப்பிவிட்டேன். முறைத்துக்கொண்டே போனாள்.

அடுத்த முறை நின்று, அதுவாகவே பூட் ஆகி வந்து, மறுபடியும் திணறியபோது, பெட்டி தனக்கு நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் கர்னல் பதிவைத் திறந்தேன். 'மின்னழுத்தம் குறைவு' என்று வரிசையாகப் புலம்பி வைத்திருந்தது. இதற்கென்றே இருக்கும் இன்னொரு கட்டளையைத் தட்டினால் 0எக்ஸ்50005 என்று பதில் வந்தது. அதில் கடைசி 5 என்றால், இப்போது வோல்டேஜ் போதவில்லை, அதனால் வேகத்தைக் குறைத்திருக்கிறேன் என்று பொருள். முதல் 5 என்றால், ஆன் செய்ததிலிருந்து இந்த இரண்டும் ஏற்கனவே நடந்திருக்கின்றன என்று பொருள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் இந்தப் பலகை 1.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பாட்டு இழுத்தது அதனால்தான். அதற்கும் கீழே போனால் எது எப்போது கவிழும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும், வோல்டேஜ் குறைந்தால் திரையின் வலது மேல் மூலையில் மஞ்சள் மின்னல் படம் காட்டவேண்டும். எங்கள் டிவியோ படத்தின் ஓரத்தை நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிட்டுக் காட்டுகிற ரகம். செட்டிங்கை மாற்றி முழுப் படத்தையும் வரவழைத்தால், மூலையில் மின்னல் வெட்டிக்கொண்டிருக்கிறது.

"மாட்டியிருக்கிறது போன் சார்ஜர், 33 வாட்டுங்ப்பா, இது எப்படிப் போதாம போகும்?" என்று வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கி வைத்திருந்தார். லோ வோல்டேஜ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அது அவர் இலாகாவாகிவிட்டது.

"வோல்டேஜ் எங்க பாத்த? பிளக்குலயா, பெட்டிகிட்டயா?"

பழைய பையிலிருந்து மல்டிமீட்டர் வந்தது. பலகையில் இருக்கும் 40 பின்னில் 2ஆவது 5 வோல்ட், 6ஆவது எர்த் என்று காட்டிக் கொடுத்தேன். சார்ஜர் வாயில் 5 சுத்தமாக இருந்தது. பலகையில் 4.71. கேபிளை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"கம்பி நூலாட்ட இருக்குது. இதுல எங்கடா கரண்டு வரும்? கடைசிக் கம்பத்து வீட்டுல ட்யூப் லைட் எரியாம மினுக்கிக்கிட்டே கிடக்குமல்ல, அதே கேஸுதான் இது."

கணக்கும் அவர் சொன்ன பக்கம்தான் நின்றது. சார்ஜிங் கேபிள் பலவற்றில் இருக்கும் 28 கேஜ் என்ற மெல்லிய கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. போக ஒன்று, வர ஒன்று என்று ஒரு மீட்டர் கேபிளில் இரண்டு மீட்டர் கம்பி, ஆக 0.42 ஓம். 1.2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 33 வாட் என்று சார்ஜர் மேல் எழுதியிருப்பதெல்லாம் போனும் சார்ஜரும் பேசி வைத்து வோல்டேஜை ஏற்றிக்கொள்வதற்கு. பை 3க்கு அந்தப் பாஷை தெரியாது, வெறும் 5 வோல்ட்தான் கிடைக்கும். போனுக்காவது பேட்டரி இருக்கிறது, குறைவாக வந்தால் மெதுவாக ஏறிக்கொள்ளும். இதற்கு அந்த வசதியும் கிடையாது.

ஆனால் 4.71 என்பது 4.63க்கு மேலே. திணறவே கூடாது, கவிழ்வது அப்புறம். "ஓட்டிக் காட்டுங்க பாக்கலாம்" என்று அப்பா மீட்டரைப் பிடித்துக்கொண்டு டிவி ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. 4.71, 4.70, 4.71. சுன்-லீ உதைக்க, பிளாங்காவுக்கு உயிர்க்கோடு துளியூண்டு பாக்கி. திடீரென்று மீட்டர் 4.49க்குச் சரிந்தது. டிர்ர்ர்ர்.

அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. பலகையிலிருந்து கிளம்பும் வயரை ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். பவர் வயர், எச்டிஎம்ஐ, ஜாய்ஸ்டிக், இன்னொரு ஜாய்ஸ்டிக். ஐந்தாவதாக ஒரு வெள்ளை வயர் யுஎஸ்பி ஓட்டையில் கிளம்பி, சோபா இடுக்கில் புகுந்து, மருமகனின் தொடைக்கு அடியில் இருந்த போனில் போய் முடிந்தது.

"எவன்டா இது, என்ற வீட்டுலயே கொக்கி போட்டவன்?"

சர்வீஸில் இருந்த காலம் முழுக்கக் கல்யாண வீட்டுச் சீரியல் செட்டுக்கும் கோயில் நோம்பிக்கும் போட்ட கொக்கிகளைப் பிடுங்கியவர். பேரன் என்பதால் அபராதம் மட்டும் போடவில்லை.

"சார்ஜ் இல்லீங் அப்புச்சி" என்று அவன் இழுத்தான். போன் திரையில் 94 சதவீதம் என்றிருந்தது. போனைச் செருகினால் பெட்டி நிற்கும் என்று அவனுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. நாங்கள் ஃபேனும் கார்டுமாக அலைந்துகொண்டிருக்க, அவன் கோளாறைக் கண்டுபிடித்து, பரிசோதித்து, தொழிலாகவே நடத்திக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான் அதிகம் வந்தது. மகள் என்னைப் பார்த்த பார்வையில் என் புள்ளியியல் மொத்தமும் அடங்கிவிட்டது.

பை 3க்கென்றே 5.1 வோல்ட், 2.5 ஆம்பியரில் அடாப்டர் விற்கிறார்கள். தடித்த வயர் கழற்ற முடியாதபடி கூடவே வரும். அந்த 0.1 வோல்ட் வழியில் கரைவதற்காகவே சேர்த்துக் கொடுப்பது. வாங்கி மாட்டியதும் பலகையில் 5.02 காட்டியது. மின்னல் போன இடம் தெரியவில்லை. அப்பா அதைக் கேட்டுத் திருப்தியாகித் திண்ணைக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் சுன்-லீ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். மருமகனின் இடது கை மெல்லச் சோபா இடுக்குக்குள் போனது. போனைச் செருகினான். பாட்டு இழுக்கவில்லை. இன்னொரு முறை பிடுங்கிச் செருகினான். பிளாங்கா மல்லாந்து விழுந்தான்.

"ஜாய்ஸ்டிக் சரியில்லீங் மாமா" என்றான்.

திண்ணையிலிருந்து அப்பா மல்டிமீட்டரோடு எழுந்து வந்தார்.