உருக்காலைக் கூட்டு ஒப்பந்தம்: பேச்சு முறியாமல் கரை சேர்ந்த விதம்

சிங்கப்பூர் உருக்காலையில் தொழிற்சங்கமும் நிர்வாகமும் சம்பளம் பற்றிச் செய்துகொள்ளும் நடப்புக் கூட்டு ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே சங்கத்தின் கிளைக்குழு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். நாங்கள் முதலில் கேட்டு வாங்கியது சம்பளச் சீட்டுகளைத்தான். உருக்குப் பிரிவு, வார்ப்பு, உருட்டாலை, பராமரிப்பு, கம்பி வெட்டி வளைக்கும் பிரிவு என ஒவ்வொன்றிலும் சிலரிடம் மூன்று மாதச் சீட்டு. எல்லோரும் கையில் வாங்கும் தொகை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஷிப்ட் அலவன்ஸ் எவ்வளவு, ஓடி (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் யாருக்கு எது தேவை என்பது தெரியும்.

இந்தக் கணக்கில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். ஓடி விகிதம் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து வருவது. அலவன்ஸ் அதில் சேராது. மாத அடிப்படையை 12ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் வாரத்துக்கு 44 மணியால், அதாவது 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். அதன் ஒன்றரை மடங்கு ஓடி. 2,000 வெள்ளி அடிப்படை உள்ளவருக்கு மணிக்கு 15.73 வெள்ளி வரும். அவருடைய அலவன்ஸில் 100 வெள்ளியை அடிப்படையோடு சேர்த்தால் 16.52 ஆகும். மாதம் 60 மணி நேரம் ஓடி செய்பவருக்கு இது ஏறக்குறைய 47 வெள்ளி கூடுதல். 13ஆம் மாதச் சம்பளத்திலும் 100 வெள்ளி ஏறும். மொத்தச் சம்பளத்தை ஒரு காசுகூட உயர்த்தாமலே கிடைக்கும் பலன் இது. நிர்வாகத்துக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. அதனால்தான் அலவன்ஸை உயர்த்தச் சட்டென்று சம்மதிப்பார்கள், அடிப்படை என்றதும் இழுப்பார்கள். ஓடிக்கு மாதம் 72 மணி என்ற உச்சவரம்பு இருப்பதால், கூடுதல் நேரத்தை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடுபவருக்கு அடிப்படைதான் உண்மையான பாதுகாப்பு.

உயர்வை விழுக்காட்டில் மட்டும் கேட்கக்கூடாது. 4 விழுக்காடு என்றால் 2,000 வாங்குபவருக்கு 80 வெள்ளி, 3,500 வாங்குபவருக்கு 140. கஷ்டப்படுபவருக்குத்தான் குறைவு. "4 விழுக்காடு அல்லது 100 வெள்ளி, எது அதிகமோ அது" என்று எழுதிவிட்டால் 2,500க்குக் கீழே உள்ள எல்லோருக்கும் நியாயம் கிடைக்கும். அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த தேசிய சம்பள மன்றத்தின் அந்த ஆண்டுச் சம்பள உயர்வுப் பரிந்துரையையும் மேசையில் வைத்திருங்கள்.

கேட்க முடியாதவையும் உண்டு. பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் எடுப்பது, ஆட்குறைப்பு முடிவு, பணிநீக்கம், வேலை ஒதுக்கீடு எல்லாம் தொழில் உறவுச் சட்டத்தின் 1968ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகத்தின் உரிமை. கோரிக்கைப் பட்டியலில் அவற்றைச் சேர்த்தால் மொத்தப் பட்டியலின் கனமும் குறைந்துவிடும். ஆட்குறைப்பு நேர்ந்தால் தரும் இழப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது பேசக்கூடியதே. உலை மேடையில் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பதைப் பாதுகாப்புக் குழுவில் எழுப்புங்கள். அங்கே அதற்கு வேறு பலம்.

பேச்சுக்கு அழைக்கும் கடிதத்தைக் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுங்கள், அந்தத் தேதியிலிருந்துதான் நாள் எண்ணிக்கை. நிர்வாகம் அதை ஏற்க 7 நாள். ஏற்காவிட்டாலோ, 14 நாளில் உடன்பாடு வராவிட்டாலோ தொழிலாளர் ஆணையருக்குத் தெரிவிக்கலாம். மனிதவள அமைச்சின் சமரச அதிகாரி வருவார். அதுவும் பலிக்காவிட்டால் தொழில்துறை நடுவர் நீதிமன்றம். அதன் தீர்ப்பே முடிவு.

வேலைநிறுத்தம் பற்றிப் பலருக்குக் குழப்பம். சிங்கப்பூரில் அது ஒரேயடியாகத் தடைசெய்யப்படவில்லை. 1986 ஜனவரியில் ஹைட்ரில் நிறுவனத்தின் 61 ஊழியர்கள் சட்டப்படி இரண்டு நாள் வேலையை நிறுத்தினார்கள். அன்று என்டியுசி (தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ்) தலைமைச் செயலாளராக இருந்த ஓங் டெங் சியோங் அதற்கு ஒப்புதல் தந்தார். தண்ணீர், எரிவாயு, மின்சாரத் துறைகளில் அறவே கூடாது. மற்ற அத்தியாவசியச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 2012இல் முன்னறிவிப்பின்றி வேலையை நிறுத்திய 171 பேருந்து ஓட்டுநர்கள் மாட்டிக்கொண்டது இதில்தான்.

சங்கம் நிறுத்தம் அறிவிக்க, பாதிக்கப்படும் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ரகசிய வாக்கில் சம்மதிக்க வேண்டும். அதாவது வராதவர் வாக்கு எதிர் வாக்குக்குச் சமம். எனவே மூன்று ஷிப்டுக்கும் வாக்குப்பெட்டி வையுங்கள். விளக்கத்தைத் தமிழ், மலாய், சீனம், வங்காளத்தில் கொடுங்கள். நடுவர் நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுத்துவிட்டால் அதன்பின் நிறுத்தம் சட்டவிரோதம். நாள்காட்டியைப் பார்க்காமல் ஆவேசப்படுவது உறுப்பினர்களை நேராகச் சிறைவாசலுக்கு அனுப்புவதாகும்.

அப்படி ஒரு வாக்கு நெருங்கினால் உலையைப் பற்றியும் எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையை எளிதில் நிறுத்த முடியாது. பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையை ஒழுங்காக நிறுத்தலாம். ஆனால் முறை உண்டு. உருகியதை முழுக்க வார்த்து முடித்து, லேடலையும் (உருகிய உருக்கைச் சுமக்கும் கொப்பரை) டண்டிஷையும் (அதிலிருந்து அச்சுக்குள் ஊற்றும் இடைத்தொட்டி) காலியாக்கி, அதன் பிறகே கிளம்ப வேண்டும். சுமார் 1,600 டிகிரியில் இருக்கும் உருக்கை லேடலில் விட்டுப்போனால் அது உறைந்துவிடும். ஆக்சிஜன் பாய்ச்சி வெட்டி எடுப்பது நாள்கணக்கில் நடக்கும், ஆபத்தும் அதிகம். உலைச் சுவரின் குளிர்நீர் ஓட்டம் நிற்கவே கூடாது. பம்பு, கிரேன், மின் அறை ஆகிய இடங்களில் யார் தங்குவது என்ற பட்டியலைச் சங்கமே முன்வந்து கொடுத்தது எங்களுக்குக் கைகொடுத்தது. ஆலையை நாங்கள் பாழாக்கப் போவதில்லை என்பது அந்தத் தாளில் தெரிந்தபின் மேசையில் பேச்சின் தொனியே மாறியது.

உடன்பாடு வந்ததும் காலவரையறையைச் சரிபாருங்கள்: 2 ஆண்டுக்குக் குறையாமல், 3 ஆண்டுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். பிணக்கைத் தீர்க்கும் விதியும் உள்ளே இருக்க வேண்டும். கையெழுத்தான ஒரு வாரத்துக்குள் நடுவர் நீதிமன்றப் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும். அங்கே சான்றளித்தபின்தான் அது கட்டுப்படுத்தும். முன்தேதியிட்ட உயர்வுக்கான நிலுவைத் தொகை வரும் மாதம் சீட்டை மறுபடி கையில் எடுங்கள். அடிப்படை உயர்வுக்கு மட்டும் நிலுவை போட்டு, அந்த மாதங்களில் செய்த ஓடியைப் பழைய விகிதத்திலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஓடி மணிகளைப் புதிய விகிதத்தால் பெருக்கி, வித்தியாசம் இருந்தால் சம்பளப் பிரிவுக்கு அந்த வாரமே எழுதுங்கள்.