34-ஐ எண்ணுவது யார்?

2017 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆஸ்டினுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் ஊரின் நூலக வாசலில், கையில் அட்டையும் பேனாவுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துவதற்கு மாநிலங்களின் மாநாடு ஒன்றைக் கூட்டும்படி டெக்சஸ் சட்டமன்றம் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு ஆதரவாக உங்கள் கையெழுத்து வேண்டும் என்றார். நாட்டின் கடன் ஏறத்தாழ 20 லட்சம் கோடி டாலரைத் தொட்டுவிட்டது, வாஷிங்டன் தன்னைத் தானே திருத்திக்கொள்ளப் போவதில்லை, அதைத் திருத்தும் சாவியை நாட்டை நிறுவியவர்கள் ஐந்தாம் பிரிவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். நான் குடியுரிமை பெற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. குடியுரிமைத் தேர்வுக்குப் படித்ததால் அரசமைப்புச் சட்டத்துக்கு 27 திருத்தங்கள் உண்டு என்பது மனப்பாடமாகத் தெரியும். அந்த 27-இல் ஒன்றுகூட அவர் சொன்ன வழியில் வந்ததில்லை என்பது தெரியாது. படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நழுவினேன். இரண்டே மாதத்தில் டெக்சஸ் சட்டமன்றம் என் கையெழுத்து இல்லாமலேயே அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. படிக்கிறேன் என்று சொன்னதை மட்டும் நான் இன்றுவரை விடவில்லை.

ஐந்தாம் பிரிவு மிகச் சிறியது. திருத்தத்தை முன்மொழிய அதில் இரண்டு வழிகள் உள்ளன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் (பிரதிநிதிகள் சபை, செனட்) மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் முன்மொழியலாம் என்பது ஒன்று. இதுவரை வந்த எல்லாத் திருத்தங்களும் இப்படித்தான் புறப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களின் சட்டமன்றங்கள், அதாவது இன்றைய கணக்கில் 34 மாநிலங்கள், விண்ணப்பித்தால் திருத்தங்களை முன்மொழிவதற்கான மாநாட்டைக் காங்கிரஸ் கூட்டியே ஆக வேண்டும் என்பது மற்றொன்று. எந்த வழியில் வந்தாலும் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 38 மாநிலங்கள், ஏற்றால்தான் அது சட்டமாகும். மாநாட்டுக்கு யார் பேராளர்களைத் தேர்ந்தெடுப்பது, யாருக்கு எத்தனை வாக்கு, எந்தப் பொருளைப் பற்றிப் பேசலாம், எதைப் பேசக்கூடாது, விண்ணப்பம் எத்தனை ஆண்டு செல்லும், கொடுத்ததைத் திரும்பப் பெறலாமா என்பவை பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இந்த வெற்றிடம் எப்படி வந்தது என்பதைத் தேடினால், அரசமைப்புச் சட்டத்தை எழுதிய மாநாட்டில், 1787 செப்டம்பர் 15 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த விவாதத்தில் போய் நிற்கிறோம். நான்கு மாத உழைப்புக்குப் பின் எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள்; கையொப்பமிட இரண்டே நாள்தான் இருந்தது. அப்போதிருந்த வரைவில் திருத்தத்தை முன்மொழியும் பொறுப்பு முழுவதும் காங்கிரஸிடமே இருந்தது. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, அரசே ஒடுக்குமுறையில் இறங்கினால் மக்களுக்குத் தேவையான திருத்தம் அந்த அரசின் வழியாக ஒருநாளும் வராது என்றார். மாநாட்டு வழி உடனே சேர்க்கப்பட்டது. மாநாடு கூட்டுவதில் தமக்கு மறுப்பில்லை, ஆனால் அதன் வடிவம் என்ன, எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்பவற்றில் சிக்கல் எழலாம் என்று இன்னொரு வர்ஜீனியாப் பேராளரான ஜேம்ஸ் மேடிசன் அப்போதே எச்சரித்தார். அதைத் தீர்க்க யாரும் உட்காரவில்லை. மேடிசனின் அந்த ஒற்றை எச்சரிக்கைக்கு 230 ஆண்டுகளுக்கு மேலாகியும் விடை எழுதப்படவில்லை என்பதுதான் இன்றைய விவாதம் முழுவதற்கும் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாநாடு ஒருமுறைகூடக் கூடவில்லை என்பதால் அந்த வாசகம் செத்துக் கிடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அது மிரட்டலாக வேலை செய்திருக்கிறது. 1788 இறுதியில் வர்ஜீனியாவும் அடுத்த ஆண்டு நியூயார்க்கும் இரண்டாவது மாநாட்டைக் கேட்டு விண்ணப்பித்தன. முதல் மாநாட்டின் ஆபத்துகளை நேரில் கண்ட தமக்கு இரண்டாவதை நினைத்தால் நடுக்கம் வருகிறது என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருந்த மேடிசன், 1789 ஜூன் 8 அன்று உரிமைகள் பற்றிய திருத்தங்களைத் தாமே காங்கிரஸில் முன்வைத்தார்; மாநாட்டைக் கேட்டவர்களின் கையிலிருந்த முதன்மையான குறையைப் பறித்துக்கொண்டார் என்று சொன்னாலும் தவறில்லை. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 17-ஆம் திருத்தத்தின் கதையும் இதுபோன்றதே. பிரதிநிதிகள் சபை 1893 முதல் பலமுறை அதை நிறைவேற்றி அனுப்பியது. தங்கள் நாற்காலியைத் தாங்களே ஆட்டிக்கொள்ளச் செனட்டர்கள் விரும்பவில்லை. மாநாடு கேட்கும் மாநிலங்களின் எண்ணிக்கை வரம்பை நெருங்கத் தொடங்கிய பிறகே செனட் இறங்கி வந்தது. 1912-இல் காங்கிரஸ் முன்மொழிந்தது. 1913-இல் அது சட்டமானது.

மிக அருகில் போய் நின்ற முயற்சி எவரெட் டிர்க்சனுடையது. மாநிலச் சட்டமன்றங்களின் இரு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையிலேயே அமைய வேண்டும் என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதை மாற்றுவதற்கு மாநாடு வேண்டும் என்று செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த அவர் கிளம்பினார். 1969-க்குள் 33 மாநிலங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றே ஒன்று குறைந்தது. அந்த ஆண்டே டிர்க்சன் இறந்தார். ஆனால் முயற்சி படுத்ததற்கு அவர் மறைவைவிட ஆழமான காரணம் உண்டு. கொஞ்சம் மக்களுக்கு நிறைய இடங்கள் என்ற பழைய கணக்கில் தேர்வான உறுப்பினர்களே அந்த விண்ணப்பங்களுக்கு வாக்களித்தவர்கள். தீர்ப்பின்படி தொகுதிகள் மாறியதும் புதிதாக வந்தவர்களுக்குத் தங்களையே அகற்றிக்கொள்ளும் மாநாட்டில் என்ன அக்கறை இருக்கும்? அடுத்து வரவுசெலவுத் திட்டத்தில் பற்றாக்குறை கூடாது என்ற திருத்தத்துக்காக 1983-க்குள் 32 மாநிலங்கள் விண்ணப்பித்தன, இரண்டு குறைவு. அதற்குப் பிறகு அச்சம் பரவி, 1988-இல் அலபாமாவும் ஃபுளோரிடாவும் தொடங்கி வைக்க, ஒவ்வொரு மாநிலமாக விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. இப்போது நூலக வாசல்வரை வந்திருக்கும் இயக்கம் 2013-இல் தொடங்கியது. 2014-இல் ஜார்ஜியா முதலாவதாகவும் 2022-இல் தென் கரோலினா 19-ஆவதாகவும் அதன் தீர்மானத்தை ஏற்றன.

33, 32, 19 என்று எண்களை அடுக்குகிறேனே, இவற்றை எண்ணுவது யார்? இதுதான் என்னை வியக்க வைத்த இடம். மாநிலங்கள் அனுப்பும் விண்ணப்பங்களை வரிசைப்படுத்திக் கணக்கு வைப்பது நெடுங்காலம் எந்த அலுவலகத்தின் பொறுப்பாகவும் இருக்கவில்லை. அவை காங்கிரஸின் நாட்குறிப்புகளில் ஆங்காங்கே பதிவாகி, பழைய தாள்களோடு தாளாகக் கிடந்தன. 2015-இல் பிரதிநிதிகள் சபை தன் விதியை மாற்றிய பின்புதான் விண்ணப்பங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் ஏற்பாடே வந்தது. எந்த விண்ணப்பத்தை எதனோடு சேர்ப்பது என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை. ஒரே பொருளில் 34 வேண்டும் என்பவர்கள் பலர். பொருள் குறிப்பிடாமல் பொதுவாக மாநாடு கேட்ட பழைய விண்ணப்பங்களையும் கூட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் சிலர். பின்னவர்கள் கணக்கில் 1789-ஆம் ஆண்டு நியூயார்க் விண்ணப்பம்கூட உயிரோடு இருக்கிறது.

சிரிக்கத் தோன்றலாம், ஆனால் இதற்கு முன்னுதாரணம் எங்கள் ஆஸ்டினிலேயே இருக்கிறது. காங்கிரஸ் உறுப்பினர்களின் ஊதிய மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்று 1789-இல் முன்மொழியப்பட்ட திருத்தம் போதிய மாநிலங்கள் ஏற்காமல் கிடந்தது. 1982-இல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், அதற்குக் காலக்கெடு இல்லாததால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதி ‘சி’ மதிப்பெண் வாங்கினார். கோபத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கடிதம் எழுதத் தொடங்கினார். 1992-இல் அது 27-ஆம் திருத்தமாகிவிட்டது. நான் தேர்வுக்கு மனப்பாடம் செய்த அந்த எண் 27 ஆனதே ஒரு மாணவரின் மதிப்பெண் மனத்தாங்கலால்தான். 203 ஆண்டுகள் கழித்து ஒரு திருத்தம் உயிர்த்தெழலாம் என்றால், 200 ஆண்டுப் பழைய விண்ணப்பம் செத்துவிட்டது என்று அடித்துச் சொல்ல எந்த விதி இருக்கிறது?

மாநாட்டை எதிர்ப்பவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம், கூட்டிய காரணத்தை மீறி அது கட்டறுத்து ஓடிவிடும் என்பது. சாட்சியாக ஃபிலடெல்ஃபியாவையே நிறுத்துகிறார்கள். அப்போதிருந்த கூட்டமைப்புச் சாசனத்தைத் திருத்துவது ஒன்றே நோக்கம் என்று 1787 பிப்ரவரியில் காங்கிரஸ் வரையறுத்தது. பேராளர்கள் கதவைச் சாத்திக்கொண்டு புதிய அரசையே எழுதி எடுத்து வந்தார்கள். அதைவிட முக்கியமாக, ஏற்பு விதியையும் மாற்றினார்கள். பழைய சாசனத்தைத் திருத்த 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். புதிய சட்டமோ 9 மாநிலங்கள் ஏற்றால் அவற்றுக்கிடையே நடைமுறைக்கு வரும் என்றது. 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் வெளியே நின்றன. முன்னாள் தலைமை நீதிபதி வாரன் பர்கர் 1988-இல் எழுதிய கடிதத்தில், மாநாடு ஒன்றைக் கட்டுப்படுத்தவோ வாயை அடைக்கவோ பயன்தரும் வழி எதுவுமில்லை என்றார். நீதிபதி அன்டோனின் ஸ்கலியா, பேராசிரியராக இருந்த 1979-இல் மாநாட்டை ஆதரித்தவர்; 2014-இல், அதிலிருந்து என்ன வெளிவரும் என்று யாருக்குத் தெரியும் என்று பின்வாங்கினார்.

இந்த அச்சத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். மாநாடு எதை எழுதினாலும் அது முன்மொழிவு மட்டுமே. 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள் இருப்பதால், 13 மாநிலங்களில் தலா ஓர் அவை முகம் திருப்பினாலே முன்மொழிவு விழுந்துவிடும். பெரும்பான்மைக் கட்சியின் ஆசைப்பட்டியல் எதுவும் இன்றைய அமெரிக்காவில் அந்தத் தடையைத் தாண்டாது. இந்தியாவில் வளர்ந்த நமக்கு, எல்லை மீறினால் உச்ச நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் 1973-இன் கேசவானந்த பாரதி தீர்ப்பிலிருந்து ஊறிப்போயிருக்கிறது. சட்டத்தின் அடிப்படையைக் குலைக்கும் திருத்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்ற அந்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு அமெரிக்காவில் இல்லை. திருத்தத்துக்கான காலக்கெடு முதலிய கேள்விகள் காங்கிரஸ் முடிவு செய்ய வேண்டிய அரசியல் கேள்விகள் என்று 1939-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே கைவிரித்திருக்கிறது.

என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. 34 வந்துவிட்டதா என்று சொல்லப்போவது காங்கிரஸ். பழைய விண்ணப்பம் செல்லுமா என்பதை முடிவு செய்வதும், மாநிலச் சட்டமன்றங்கள் ஏற்க வேண்டுமா அதற்கென்று தேர்ந்தெடுத்த மாநில மாநாடுகள் ஏற்க வேண்டுமா என்று தேர்வதும் காங்கிரஸ். (மதுவிலக்கை நீக்கிய 21-ஆம் திருத்தத்துக்கு மட்டும் 1933-இல் இந்த இரண்டாவது முறை பயன்பட்டது, பத்து மாதத்துக்குள் வேலை முடிந்தது.) காங்கிரஸை மீறுவதற்காக மேசன் கேட்டு வாங்கிய வழியில், ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் காங்கிரஸே உட்கார்ந்திருக்கிறது. மாநாட்டுக்குள்ளே சண்டை இன்னும் பெரிது. 2016-இல் வில்லியம்ஸ்பர்க்கில் இயக்கத்தார் நடத்திய ஒத்திகையில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு. அப்படியானால் ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்கும் நான்கு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவும் சமம். மக்கள்தொகைப்படி என்றால் சிறிய மாநிலங்கள் வரவே வராது. இதைக் கூட்டத்தின் முதல் நாளன்று, யாருக்கு எது ஆதாயம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு தீர்க்க முடியுமா?

இதை முன்கூட்டியே தீர்க்க ஒருவர் முயன்றார். பின்னாளில் வாட்டர்கேட் விசாரணைக் குழுவின் தலைவராக நாடறிந்த வட கரோலினா செனட்டர் சாம் எர்வின், டிர்க்சன் முயற்சி சூடாக இருந்த 1967-இல், மாநாட்டு நடைமுறைக்கென்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். விண்ணப்பத்தின் ஆயுள், திரும்பப் பெறுதல், பேராளர் தேர்வு, வாக்கு, பொருள் வரம்பு என்று மேடிசன் தொட்டதும் தொடாததுமான சிக்கல்களை அது எடுத்துக்கொண்டது. 1971-இல் செனட் அதை 84-க்கு 0 என்று நிறைவேற்றியது. 1973-இல் மீண்டும் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை இரண்டு முறையும் தொடவில்லை. மாநாடு பயமாக இருந்தபோது வேலை நடந்தது. பயம் தணிந்ததும் ஆர்வமும் தணிந்தது.

இதை வலதுசாரிகளின் திட்டம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேர்தலில் நிறுவனங்களின் பணத்துக்கு வழிவிட்ட 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்ற மாநாடு கேட்டு வெர்மாண்ட், கலிஃபோர்னியா, இல்லினாய் மாநிலங்கள் 2014-இல் விண்ணப்பித்தன. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு மாநாடு வேண்டும் என்று 2023-இல் கலிஃபோர்னியா மறுபடியும் கேட்டது. எதிர்ப்பிலும் விசித்திரக் கூட்டணிதான்: தீவிர வலதுசாரியான ஜான் பர்ச் சங்கமும் தாராளவாதிகளின் காமன் காஸ் அமைப்பும் ஒரே குரலில் வேண்டாம் என்கின்றன.

எனவே என் நிலை இது: எர்வினின் மசோதாவைப் போன்ற ஒன்று சட்டமாகும்வரை எந்த விண்ணப்பத்துக்கும் கையெழுத்திட மாட்டேன், சட்டமான பின், அந்தப் பெரியவரின் கடன் வரம்புத் திருத்தத்தைத் திறந்த மனத்தோடு கேட்பேன். 2019-இல் அதே நூலக வாசலில் அவரை மறுபடி சந்தித்தபோது இதைத்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நீங்கள் சொல்லும் அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியதும் இதே காங்கிரஸ்தானே?” என்றார்.

அதற்குச் சொல்ல அன்று என்னிடம் விடை இல்லை. கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.