பழைய தோட்டாக்களைக் காட்சிக்கு வைக்க நான் கடந்து வந்த வழி

என் தாத்தா இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனார். அவர் வேண்டாமென்று விட்டுப்போன சாமான்களில் ஒரு மரப்பெட்டியும் இருந்தது. அது மாமா வீட்டுப் பரணிலேயே கிடந்தது. வீட்டைப் பிரித்துக் கட்டும்போது மாமா அதைத் திறந்து பார்த்துவிட்டு, தொடாமல் என்னைக் கூப்பிட்டார். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துத் தராசு, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி என்று தோட்டத்துப் பழம்பொருட்களைச் சேர்ப்பவன் நான். இதுவும் எனக்குத்தான் என்று நினைத்திருக்கிறார்.

உள்ளே இருந்தவை சொட்கன் தோட்டாக்கள். பெரும்பாலானவை 12 போர் (bore) என்ற குழல் அளவுக்குரியவை. ஒரு றாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டைக்கு வரும் விட்டம்தான் அந்த அளவு, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். சிவப்பு, பச்சைக் காகிதக் கூடுகள் ஈரத்தில் ஊதிப் போயிருந்தன. மலைநாட்டுப் பனிக்கும் மழைக்கும் காகிதம் தாங்காது என்பதால் முழுப் பித்தளைக் கூடுகளையும் வாங்கியிருக்கிறார்கள். அவை இன்னும் மெருகு குறையாமல் இருந்தன. அடிப்பக்க முத்திரையைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லலாம். தோட்டா செய்த ஈலி, கைனோக் இரண்டும் முன்பு தனித்தனிப் பிரித்தானியக் கம்பனிகள். 1918இல் ஒரே குழுமத்துக்குள் வந்தன, அந்தக் குழுமம் 1926இல் ஐ.சி.ஐ. என்ற பெரிய இரசாயனக் கம்பனியோடு சேர்ந்தது. எல்லாவற்றிலும் அரியது பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருந்த ஒரு தோட்டா. 1835இல் பிரான்சில் லெஃபோஷே காப்புரிமை பெற்ற முறையில் செய்தது. அந்த ஊசியில் ஓர் அடி விழுந்தாலே வெடிக்கும்.

இவற்றை வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் உண்டு. ஹோர்டன் சமவெளிப் பக்கம் மரை என்ற பெரிய மானை வேட்டையாடிய துரைமாரின் படங்கள் எங்கெங்கோ மாட்டியிருக்கின்றன. அவர்களின் தோட்டாப் பையைச் சுமந்து, காட்டைக் கலைத்து, செத்த மரையைத் தோளில் தூக்கி வந்த நம் ஆட்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தக் கதையைச் சொல்ல ஒரு பொருள் வேண்டும் எனக்கு.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆற்றில் போட்டுவிடு என்றார் ஒருவர். கீழே லயங்களில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் எத்தனையோ ஆட்கள் குளித்துப் புழங்கும் தண்ணீர் அது. குழி தோண்டிப் புதைத்துவிடு என்றார் இன்னொருவர். நாளைக்கு மண்வெட்டி போடுகிறவன் கதி என்ன ஆவது? அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழன் வீட்டில் தோட்டா என்றாலே வயிற்றைக் கலக்கும்.

இணையத்தில் தேடினால் வரும் அறிவுரையை நம்ம ஊருக்கு எடுக்கவே கூடாது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி தோட்டா வைத்திருக்கத் தனி உரிமம் தேவையில்லை. பிரித்தானியாவில் ஐந்துக்குக் குறையாத குண்டுகள் கொண்ட, எந்தக் குண்டும் 0.36 அங்குலத்துக்கு மேல் போகாத சாதாரண சொட்கன் தோட்டாவை வீட்டில் வைத்திருக்கச் சான்றிதழ் கேட்பதில்லை. அங்கே அலுமாரி நிறைய அடுக்கிப் படம் போடுகிறார்கள். இங்கே அப்படியில்லை.

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். பொறுமையாக விளக்கினார். துப்பாக்கிக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். தோட்டாவுக்கு அதோடு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் சேர்ந்து வரும். உரிமத்தோடு துவக்கு வைத்திருப்பவர் அந்தத் துவக்குக்குரிய தோட்டாவை வைத்திருப்பது வேறு விஷயம். உரிமமே இல்லாதவர், அழகுக்கு வைத்தேன், தாத்தா ஞாபகமாக வைத்தேன் என்றால் எடுபடாது. நூறு வருஷப் பழசு என்பதும் எடுபடாது. மருந்தும், அதைப் பற்றவைக்கும் அடிமூடியான கெப்பும் உள்ளே இருந்தால் அது வெடிபொருள். அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம்: “தம்பி, தோட்டாவை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிடாதீங்க. வழியில பஸ்ஸை மறிச்சுச் சோதிச்சாங்கன்னா, நீங்க ஒப்படைக்கத்தான் போறீங்கன்னு யாரு சாட்சி சொல்றது? தகவலை மட்டும் கொண்டு போங்க.”

பெட்டி எப்போது, எங்கே, யார் கண்ணில் பட்டது என்று ஒரு கடிதம் அவரே எழுதித் தந்தார். கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லி வைத்தேன். மாமா அந்த அறையைப் பூட்டிவிட்டார்.

பொலிஸ் நிலையத்தில் முதலில் கேட்டது கட்டுத்துவக்கைப் பற்றி. காட்டுப்பன்றிக்குக் கட்டும் துவக்கில் சிக்கி மனிதரும் சிறுத்தையும் சாகும் ஊரில் அந்தக் கேள்வி நியாயமானதுதான். என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் மனம் கசந்தது. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. எனக்கு விளங்காத எழுத்தில் என் பெயரால் ஒரு வாக்குமூலம் இருக்கக் கூடாது. தமிழில் எழுதுங்கள், இல்லையென்றால் வரிக்கு வரி வாசித்துச் சொல்லுங்கள் என்று நின்றேன். கொஞ்ச நேரம் முகம் சுளித்தார்கள். பிறகு தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் வந்து எழுதினார். நல்ல மனுஷன். அவசரப்படாமல் முழுவதையும் கேட்டு எழுதினார்.

குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் வந்து வீட்டிலேயே வகை பிரித்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்ததில் நிறையத் தெரிந்துகொண்டேன். அடியிலுள்ள கெப்பில் பள்ளம் விழுந்து, வாய் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாதது வெற்றுக்கூடு. பள்ளம் விழுந்திருந்தும் வாய் மூடியிருந்தால் அது சுட்டும் வெடிக்காத தோட்டா, உயிருள்ளதாகவே கணக்கு. வாய் திறந்து மருந்து இல்லாமல், கெப் மட்டும் பள்ளமில்லாமல் இருந்த பித்தளைக் கூடுகள் சிலவும் இருந்தன. துரைமார் வீட்டிலேயே மருந்தடைத்துத் திரும்பப் பாவிக்கத் தயாராக வைத்தவையாக இருக்க வேண்டும். அவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பழைய கெப்பில் பாதரசக் கலவை இருந்திருக்கலாம், உரசினாலே போதும் என்றார் ஒருவர். கத்தியால் வாயைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கருமருந்து காய்ந்திருந்தால் எத்தனை வருஷமானாலும் வீரியம் போகாது.

உயிருள்ளவை நீதவானுக்கு அறிக்கையாகி அழிக்கப்பட்டன. ஊசித் தோட்டாவும் போய்விட்டது. அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை, ஆனால் அதை வீட்டில் வைத்திருக்க வழியே இல்லை. எடுத்துப் போகுமுன் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுக்க அனுமதித்தார்கள். வெற்றுக்கூடுகளை என்னிடமே விட்டார்கள். அதற்குமுன் ஒவ்வொன்றின் முத்திரையையும் குறித்து, வெற்றுக்கூடுகள் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். அந்தப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குவதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நாளை இன்னொருவர் வந்து கேட்டால் காட்ட அதுதான் உண்டு. கூடுகளை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்போதும் அது கூடவே போகிறது.

இப்போது கண்ணாடிப் பெட்டியில் பித்தளைக் கூடுகளும் வெடித்த காகிதக் கூடுகளும் இருக்கின்றன. ஊசித் தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் அதன் அசல் அளவுப் படம். கீழே எழுதும் அட்டையில் துரையின் பெயர் இருக்காது. தோட்டாப் பை சுமந்தவர்கள், காடு கலைத்தவர்கள் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். டிக்கோயா, அக்கரப்பத்தனை, பொகவந்தலாவைப் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது வேட்டைக்குக் கூடப் போயிருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எனக்குச் சொல்லுங்கள்.